பால்வெட்டு இல்லாத நாளில் பள்ளிக்கூடம்

தெஹியோவிட்டப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், காலையில் ஆட்களை வேலைக்குக் கூட்டும் பெரட்டு மணி அடிப்பவள் நான். ரப்பர்ப் பால் ஸ்டோரைக் கூட்டுவதும் தொட்டிகளைக் கழுவுவதும் என் வேலை. ஸ்டோருக்கு அடுத்த காம்பராவில் குடியிருப்பதால் மணியும் என் தலையில் விழுந்தது. ஐந்தாம் ஆண்டு வரை படித்தேன். எழுத்துக் கூட்டி வாசிப்பேன். இதை எழுதச் சொன்னது டீச்சர். நடந்ததை மட்டும் எழுதினால் போதும் என்றார். அவ்வளவுதான் எழுதுகிறேன்.

மணி என்று சொன்னாலும் அது ஒரு தண்டவாளத் துண்டு. மாமரக் கிளையில் கம்பி கட்டித் தொங்குகிறது. இரும்புக் கம்பியால் அடித்தால் ஆட்கள் குடியிருக்கும் மூன்று லயத்துக்கும் கேட்கும். காலை ஐந்தரைக்கு அடிப்பேன். அடித்தால் வேலை உண்டு. அடிக்காவிட்டால் இல்லை. ஆட்கள் கடிகாரம் பார்ப்பதில்லை. இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. இருந்தாலும் மணிக்குத்தான் எழும்புகிறார்கள்.

ரப்பருக்கு மழை ஆகாது. பட்டை நனைந்திருந்தால் பால் சிரட்டைக்கு வராது, தண்ணீரோடு சேர்ந்து மரமெல்லாம் வழிந்து வீணாகப் போகும். அதனால் விடியும் முன் கணக்கப்பிள்ளை டார்ச்சோடு வந்து, ஸ்டோருக்கு முன்னால் நிற்கும் மரத்தின் பட்டையைத் தடவிப் பார்ப்பார். காய்ந்திருந்தால் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். நனைந்திருந்தால், "அத வெட நே, அக்கே. இன்னைக்கு வேல இல்ல. போய்ப் படுங்க" என்பார். அவர் சிங்களவர். மாத்தயா என்றுதான் கூப்பிடுவோம். பாதி தமிழ், பாதி சிங்களம் பேசுவார். நாங்களும் அப்படித்தான்.

சில நாள் மழை ஓய்ந்து பட்டை காய்ந்துவிடும். அப்போது எட்டு மணிக்கோ ஒன்பது மணிக்கோ அடிக்கச் சொல்வார். அது பிந்திய மணி. கேட்டதும் எல்லோரும் வாளியையும் கத்தியையும் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள்.

மேல் டிவிசனில் மரங்களுக்குப் பொலிதீன் பாவாடை கட்டியிருக்கிறார்கள். அங்கே மழையிலும் வெட்டலாம். எங்கள் பக்கத்து மரங்கள் கிழடு. அதற்கெல்லாம் யாரும் பாவாடை கட்டமாட்டார்கள்.

பள்ளிக்கூடம் மூன்றாம் லயத்துக்குக் கீழே, ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஒன்பதாம் ஆண்டு வரை உண்டு. என் மூத்த மகள் படித்த காலத்தில் ஐந்தோடு முடிந்தது. ஆறாம் ஆண்டுக்கு டவுனுக்குப் போக வேண்டும். பஸ் தோட்டத்துக்கு மேலே ஏறாது, மெயின் ரோட்டுக்கு நடந்து போய்த்தான் ஏற வேண்டும். லயத்தில் அந்த வயதில் அவள் ஒருத்திதான். தனியாக நடந்தாள். ஏழாம் ஆண்டில் நின்றுவிட்டாள். இப்போது அவிசாவளையில் ஒரு தையல் பெக்டரியில் இருக்கிறாள். நல்லபடியாக இருக்கிறாள். ஆனாலும் சின்னவளை அப்படி நிற்கவிடக் கூடாது என்று நினைத்திருந்தேன்.

சின்னவள் எட்டாம் ஆண்டில் இருக்கும்போது கல்விக் காரியாலயத்தில் இருந்து பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் வந்தது. பிள்ளைகள் ஒழுங்காக வருவதில்லை, வருட முடிவுக்குள் வரவு கூடாவிட்டால் ஆறு முதல் ஒன்பது வரை மூடிவிட்டு, பிள்ளைகளை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்ப்போம் என்று அதில் இருந்ததாம்.

அதிபர் பெற்றோர் கூட்டம் வைத்தார். சனிக்கிழமை பின்னேரம். பிள்ளைகளின் வாங்கில் நாங்கள் உட்கார்ந்தோம். முழங்கால் மேசையில் இடித்தது. அதிபர் கல்வி எவ்வளவு பெரியது என்று நீளமாகப் பேசினார். எல்லோரும் விடியற்காலையில் வேலைக்கு மலை ஏறினவர்கள். ரெண்டு பேர் தூங்கிவிட்டார்கள்.

கடைசியில் ஒரு தகப்பன் எழும்பினார்.

"சேர், நாங்க அனுப்பத்தான் செய்யிறோம். வந்து சேருதா இல்லையான்னு ஒங்களுக்குத்தானே தெரியும்."

"அனுப்புறீங்களா? உங்க மகன் போன கிழமை ரெண்டு நாள்தான் வந்தான்."

"ரெண்டு நாள் வந்தானா?" என்றார் அவர். எல்லோரும் சிரித்தோம்.

அப்போது டீச்சர் வரவு இடாப்பை எடுத்து வந்தார். எட்டாம் ஆண்டுக்கு அவர்தான். தினமும் பஸ்ஸில் வருபவர், வயது கொஞ்சம்தான். வகுப்பில் ஆளே இல்லாத நாட்களை மட்டும் வாசித்தார். இந்த மாதம் இந்தத் தேதி, இந்தக் கிழமை என்று. "அந்த செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது? யாராவது சொல்லுங்க" என்று கேட்டார். யாருக்கும் ஞாபகம் இல்லை.

எனக்கு இருந்தது. அன்றைக்கு நான் தொட்டி கழுவவில்லை. பால் வரவில்லை.

கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. இருந்தாலும் சொன்னேன்.

"அது நான் மணி அடிக்காத நாளு, டீச்சர்."

ஸ்டோரில் கலண்டர் ஒன்று தொங்கும். பால் வராத நாளில் மாத்தயாவுக்காக நீலப் பென்சிலால் கோடு போட்டு வைப்பேன். அதைக் கழற்றி எடுத்து வந்தேன். டீச்சர் ஒரு பக்கம் இடாப்பை வைத்து, ஒரு பக்கம் கலண்டரை வைத்துப் பார்த்தார். ஒரு நாள் தவிர எல்லாம் சரியாக இருந்தது. அந்த ஒரு நாள் மாதா திருநாளுக்கு மறுநாள்.

"மழைன்னா பெரியவங்களுக்கு லீவு. அப்ப பிள்ளைகளுக்கும் லீவா?" என்று கேட்டார் டீச்சர். கோபமாகக் கேட்கவில்லை. நாங்கள் அப்படி யோசித்ததே இல்லை. வீடே தூங்கும். எழும்பும்போது எட்டாகியிருக்கும். பிந்திய மணி அடித்தால் அம்மா ஓடுவாள். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்.

அதிகம் வராத பிள்ளைகளின் பெயரையும் வாசித்தார்கள். மூன்றாவதாக என் மகளின் பெயர்.

வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"மழ நாள்ல ஏன்டி போறதில்ல?"

"மணி அடிக்கலயே."

"மணி ஒனக்கா அடிக்கிறாங்க?"

"நீதானே அடிக்கிறவ. நீயே போத்திக்கிட்டுப் படுத்துட்ட. நான் மட்டும் எந்திரிச்சு என்னா செய்யிறது?"

ரொட்டி சுட்டுக் கொடுத்தேன்.

அடுத்த கிழமை மழை பிடித்தது. மாத்தயா வந்து பட்டையைத் தடவிவிட்டு, வேலை இல்லை என்று சொல்லிப் போனார். நான் படுக்கவில்லை. ஆறு மணிக்கு மாமரத்தடிக்குப் போனேன். வழக்கமாக நிறுத்தாமல் அடிப்பது. அன்றைக்கு விட்டு விட்டு மூன்று அடி மட்டும் அடித்தேன். இது வேறு மணி, பிள்ளைகளுக்கு என்று ஆட்கள் விளங்கிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. அதுதான் நான் விட்ட பிழை.

கொஞ்ச நேரத்தில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களம் நிறைந்துவிட்டது. எல்லோரும் வாளி, கத்தியோடு. தலையில் ரப்பர் சீட்டு. ஒருவர் தாடியில் இருந்து தண்ணீர் சொட்டுகிறது.

"என்னாக்கா, பட்ட காஞ்சிருச்சா?"

"இல்ல. புள்ளைங்களுக்கு அடிச்சேன்."

"புள்ளைங்க பால் வெட்டப் போகுதுங்களா?"

"பள்ளிக்கூடத்துக்கு."

அவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "எல்லாரும் கத்திய வச்சிட்டு சிலேட்ட எடுங்கப்பா. அக்கா நம்மள ஒண்ணாம் ஆண்டுல சேக்கப் போகுது."

சிரித்தார்கள். ஆனால் யாரும் திரும்பிப் போகவில்லை. முன்னால் நின்ற ஒருத்தி சொன்னாள்: "சிரிப்பெல்லாம் சரி. மணி அடிச்சி நாங்க வந்தாச்சி. பேரு போடணும்."

எங்கள் தோட்டத்து வழக்கம் அது. மணி அடித்து ஆள் களத்துக்கு வந்துவிட்டால் சும்மா திருப்பி அனுப்பக் கூடாது. அன்றைய நாள் சம்பளத்தை அவர்கள் பெயரில் எழுத வேண்டும். அதை யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

மாத்தயா தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

"அக்கே, பிஸ்ஸுத? பைத்தியமா ஒங்களுக்கு?"

விசயத்தைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார், "ஹரி, சரி. எல்லாரும் கான் வெட்டப் போங்க."

மழைத் தண்ணீர் ஓடும் கான்களை மத்தியானம் வரை எல்லோரும் மழையில் நின்று வெட்டினார்கள். கான் நன்றாகத்தான் வெட்டுப்பட்டது. என்னைத் திட்டாதவர்கள் குறைவு. அம்மாமார் எல்லோரும் களத்துக்கு வந்துவிட்டதால் பெரிய பிள்ளைகள் எல்லாம் வீட்டில் சின்னதைப் பார்த்துக்கொண்டு இருந்தன. அந்த வருடத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஆகக் குறைவாகப் பிள்ளைகள் போனது அன்றைக்குத்தான். டீச்சர் பிறகு இடாப்பில் காட்டினார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது.

மணியைத் தொடக் கூடாது என்று மாத்தயா சொல்லிவிட்டார். வேறு வழி பார்க்க வேண்டும்.

என் தங்கச்சி பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறாள். வேலைக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. அவள் சொன்னாள், "மாதா கோயில் மணிய அடிச்சா என்னா? அதுக்குப் பேரு போட வேண்டியதில்லயே."

அவள் மாமியார் அடுப்படியில் இருந்து சத்தம் போட்டார்: "வார நாள்ல கோயில் மணி கேட்டா யாரோ செத்துட்டாங்கன்னுதான் அர்த்தம். நான்தான் செத்தேன்னு எல்லாரும் இங்கதான் வருவாங்க. நான் உசுரோட ஒக்காந்து அவங்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊத்தணும்."

அதுவும் சரிதான். கோயில் மணி வேண்டாம் என்று விட்டோம்.

பிறகு பழைய பால் வாளி ஒன்றை எடுத்தேன். அடி ஓட்டை. ஒரு கட்டையும் எடுத்துக்கொண்டேன். மழை நாளில் மாத்தயா போனதும் வாளியை அடித்துக்கொண்டு மூன்று லயத்துக்கும் நடந்தேன். முதல் நாள் நாய்கள்தான் எழும்பின. எல்லா நாயும் பின்னால் வந்தது. மீன் விற்கிறவர்களும் இப்படித்தான் தட்டிக்கொண்டு வருவார்கள். ஒருத்தி கதவைத் திறந்தாள்.

"என்னாக்கா மீனு?"

"ஒங்க வீட்டு மீனுதான். ஏழாம் ஆண்டுல ஒண்ணு, மூணாம் ஆண்டுல ஒண்ணு. எழுப்பி விடு."

"மழயில புள்ளைய அனுப்பச் சொல்றியே, காய்ச்சல் வந்தா?"

"மழயில நீ கான் வெட்டுனியே, வந்துச்சா?"

அவள் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே பிள்ளையை எழுப்புகிற சத்தம் கேட்டது.

அப்படியே நடந்தேன். எழும்பாத வீட்டுக் கதவில் வாளியை வைத்து அடித்தேன். மூன்றாம் லயம் முடிந்து திரும்பும்போது பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு வாழை இலையும் குடையும் பிடித்துக்கொண்டு இறங்கின. என் மகளும் போனாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். அம்மா வாளி அடிக்கிறது அவளுக்கு வெட்கமாம். நான் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

பிந்திய மணி நாட்களில்தான் கஷ்டம். பிள்ளை போகத் தயாராக இருக்கும். அம்மா விடமாட்டாள். "மணி அடிச்சா நான் ஓடணும், தம்பிய யாருகிட்ட விடுறது?" என்பாள். அவள் கேட்பது நியாயம். மடுவம் திறந்திருந்தால் அங்கே விடலாம். மழை நாளில் மணி அடிக்கும் வரை மடுவம் திறக்காது. மணி அடிக்காவிட்டால் என் தங்கச்சிக்கும் பேர் இல்லை.

"நீ ஏழு மணிக்குத் திறந்து வையேன்" என்றேன் அவளிடம்.

"சும்மாவா? அக்கா, ஒனக்கு மகள் படிக்கணும். எனக்குச் சோறு வேணும்."

அவள் மேல் குற்றம் இல்லை. நான் மாத்தயாவிடம் போனேன். அவர் ஸ்டோரில் தராசுக்குப் பக்கத்தில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"மாத்தயா, பிந்துன மணி அடிச்சா பொம்பளைங்க எத்தன மணிக்குக் களத்துக்கு வாராங்க?"

"தெரியும்தானே. ஒருத்தி ஒன்பதுக்கு, ஒருத்தி ஒன்பதரைக்கு. மடுவம் திறக்கும் வரைக்கும் புள்ளைய விட ஆள் தேடுறாங்க."

"மடுவம் ஏழுக்கே திறந்திருந்தா?"

அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"அடிச்ச ஒடனே வருவாங்க" என்றேன். "பட்ட காஞ்ச ஒடனே வெட்டலாம். பால் கூட வரும்."

இது அவருக்கும் நல்லது. அதனால்தான் அப்படிக் கேட்டேன். பிள்ளைகள் பாவம் என்று கேட்டிருந்தால், பார்ப்போம் என்றிருப்பார். மாத்தயா கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது.

"அந்த நாளைக்கு மடுவத்துக்குப் பேர் நான் எழுதுறேன்" என்றார். "மேல கேட்டா நான் சொல்லிக்கிறேன். ஆனா அக்கே, மணி..."

"தொட மாட்டேன்."

அதற்குப் பிறகு மழை நாளிலும் ஏழுக்கு மடுவம் திறந்தது. பிள்ளைகள் தம்பி தங்கச்சியைக் கொண்டுபோய் அங்கே விட்டுவிட்டு அப்படியே கீழே இறங்கிப் போயின. டீச்சரும் மழை நாளில் மெயின் ரோட்டில் இறங்கி நடந்து வந்தார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார். கணுக்காலில் அட்டை கடித்து ரத்தம் ஒழுகும். ஸ்டோரில் நின்று கால் கழுவுவார். உப்பு கொடுப்பேன். முதலில் எல்லாம் பிள்ளைகள் போய்ப் பார்த்து, டீச்சர் இல்லை என்று திரும்பி வந்ததுண்டு. அதை அவரிடம் சொன்னேன். அடுத்த மழை நாளில் ஒரு பஸ் முந்தியே வந்துவிட்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடியாது. இரண்டு வீட்டில் கதவே திறக்கவில்லை. ஒரு வீட்டில் அண்ணனும் தங்கச்சியும் காலுக்கு ஒரு சோடி சப்பாத்தைத்தான் மாறி மாறிப் போட்டார்கள். ஒரு நாள் ஒருவர், மறுநாள் மற்றவர். அதற்கு வாளி அடித்துப் பயனில்லை. சப்பாத்து இல்லாமலும் வரலாம் என்று டீச்சர் அந்த வீட்டுக்கே போய்ச் சொன்னார்.

வருடக் கடைசித் தவணையில் மூன்று நாள் விடாமல் மழை. நாலாம் நாள் விடியற்காலையில்தான் கொஞ்சம் ஓய்ந்தது. எட்டுக்கு மணி அடி என்றார் மாத்தயா. நான் வாளியை எடுத்துக்கொண்டு லயம் சுற்றி வந்து, எட்டுக்கு மணி அடித்தேன்.

பத்து மணி இருக்கும். ஒரு வேன் வந்து ஸ்டோர் வாசலில் நின்றது. கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் கண்ணாடியை இறக்கினார்.

"பள்ளிக்கூடத்துக்கு எந்தப் பக்கம், அம்மா?"

சொன்னேன்.

"கல்விக் காரியாலயத்துல இருந்து வாறேன். மூணு நாள் மழைக்குப் பிறகு பிள்ளைகள் யாரும் வந்திருக்க மாட்டாங்க, என்ன?"

"போய்ப் பாருங்க, சேர்."

வேன் இறங்கிப் போனது. எனக்குக் கை வேலைக்கு வரவில்லை. வாளி அடித்தேன், உண்மை. அடித்தால் போனார்கள் என்று அர்த்தமில்லை. மூன்று நாள் மழைக்குப் பிறகு எத்தனை பேர் உடுப்புக் காய்ந்திருக்கும்? ஓடையில் தண்ணீர் கூடியிருந்தது. ஓடிப் போய்ப் பார்க்கலாம் என்றால் பால் வர ஆரம்பித்துவிட்டது. ஸ்டோரை விட்டு நகர முடியாது. பால் நிறுத்தார்கள், ஊற்றினார்கள், நான் தொட்டியைத் துலக்கினேன். துலக்கின தொட்டியையே திரும்பவும் துலக்குகிறேன் என்று மாத்தயா சொன்ன பிறகுதான் தெரிந்தது.

இரண்டு மணிக்கு மகள் வந்தாள். நேராக அடுப்படிக்குப் போய்ச் சோற்றுச் சட்டியைத் திறந்தாள்.

"யாரோ வந்தாங்களாமே" என்றேன்.

"ம். வந்தாங்க. வகுப்பு வகுப்பா எண்ணுனாங்க. என் கொப்பிய வாங்கிப் பாத்தாங்க."

"எத்தன பேர் இருந்தீங்க?"

"எங்க வகுப்புல எல்லாரும். ரெண்டு பேரத் தவிர."

"யாரு ரெண்டு பேரு?"

"ஒருத்திக்கு அம்மை. இன்னொருத்தன் நேத்து அன்னாசி திண்டு வயித்தால போகுதாம்."

"அவரு என்னா சொன்னாரு?"

"டீச்சர்கிட்ட ஏதோ சொன்னாரு. டீச்சர் சிரிச்சாங்க. கறி இல்லயா?"

கருவாடு பொரித்துக் கொடுத்தேன்.

ஜனவரியில் கடிதம் வந்தது. வகுப்புகள் இருக்கும், வருடா வருடம் வந்து எண்ணுவோம் என்று இருந்தது. அதிபர் களத்துக்கே வந்து பெரட்டு நேரத்தில் வாசித்தார். ஆட்கள் தலையை ஆட்டிவிட்டு மலைக்குப் போனார்கள். ஒருவர் மட்டும் கேட்டார், "அக்கா, அப்ப இனி மீன் விக்க வர மாட்டியே?"

"வருவேன்."

"வராட்டியும் என் பொஞ்சாதி எழுப்பி விட்டுருவா. ஒன் சத்தமே தேவல."

மகள் இப்போது ஒன்பதாம் ஆண்டு. அவளோடு சேர்த்து ஐந்து பெண் பிள்ளைகள். பத்தாம் ஆண்டுக்கு எப்படியும் டவுனுக்குத்தான். போன ஞாயிற்றுக்கிழமை ஐந்தும் எங்கள் வாசலில் உட்கார்ந்து அதைத்தான் பேசிக்கொண்டிருந்தன. யார் யாரை வழியில் கூப்பிட்டுக்கொள்வது, யார் முதலில் எழும்புவது, பஸ்ஸில் யார் யாருக்குப் பக்கத்தில் என்று. போவதா வேண்டாமா என்று ஒருத்தியும் பேசவில்லை.

மறுநாள் வேலை முடிந்து நான் மெயின் ரோடு வரை ஒருமுறை நடந்து பார்த்தேன். என் காலுக்கு முக்கால் மணித்தியாலம். இரண்டு இடத்தில் வழுக்கும். அதில் கல் போட்டுக் கொடுக்க ஆள் கேட்டிருக்கிறேன். பிள்ளைகள் காலுக்கு அரை மணித்தியாலம் போதும்.